கயிறும் பெல்ட்டும்

(நம் பழைய மாணவர் சங்கத்தின் குற்றாலம் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நீ பம்பு கம்பெனியில டிசைன்ல இருக்க. புதுசா வந்திருக்கிற மோட்டார் பத்தி இருபது நிமிஷம் பேசு” என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் யோசித்தேன். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர். இந்த நேரத்தில் உங்களை உட்கார வைத்து, இந்த மோட்டாரின் திறன் இத்தனை சதவீதம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவே மாட்டீர்கள். ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டேன். எனக்கு மோட்டாரைப் பற்றி முதன்முதலில் சொல்லித் தந்தவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் எனக்கு இன்னொன்றும் சொல்லித் தந்தார். அது கராத்தே.

பின் வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. ஓடு உடைத்துக் காட்டுவேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். நான் பேச வந்தது அடி, உதையைப் பற்றி அல்ல. கராத்தே கற்றுக்கொள்கிறவர்கள் ஒன்றாகக் கூடி இருக்கிறார்களே, அந்தக் கூட்டு வாழ்க்கையைப் பற்றி. அதை எங்கள் ஊரில் வைத்துச் சொன்னால்தான் அதன் அருமை புரியும்.

எங்கள் ஊர் வீரகேரளம்புதூர். இங்கிருந்து தென்காசி போய், சுரண்டைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும். 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம். இப்போது தென்காசி மாவட்டம். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகி எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்தவர் அந்த ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர். நவநீதகிருஷ்ண சுவாமி கோயில் உண்டு. வயல் உண்டு. பீடி சுற்றாத வீடு குறைவு. இதெல்லாம் பெருமையாகச் சொல்லலாம். பெருமையாகச் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றையும் போல, தெருவின் பெயரைச் சொன்னால் ஆளின் ‘விவரம்’ தெரிந்துவிடும். புதிதாக ஒருவரைப் பார்த்தால் “தம்பி எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்த அரங்கில் இருக்கும் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

1999-ல், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். மாஸ்டர் பம்பாயில் பல வருடம் வேலை பார்த்தவர். அங்கே கராத்தே கற்று, கறுப்பு பெல்ட் வாங்கி, ஊர் திரும்பி, மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் எரிந்து போனால் அவரிடம்தான் வரும். பகலெல்லாம் தாமிரக் கம்பி சுற்றுவார். சாயங்காலம் 5.30 மணிக்கு ஒரு ரைஸ் மில்லின் நெல் காய வைக்கும் சிமெண்ட் களத்தில் வகுப்பு. மாதம் 30 ரூபாய். என் அம்மா சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றி அந்த 30 ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பார். “படிக்கிறதுக்குக் கேட்டாக்கூட இப்படி அவசரப்பட மாட்டேங்கான்” என்று அப்பாவிடம் சொல்லுவார்.

நாங்கள் போனது எதற்கு? புரூஸ் லீ ஆவதற்குத்தான். கராத்தே மணியையும் ஷிஹான் ஹுசைனியையும் சினிமாவில் பார்த்து வாய் பிளந்தவர்கள் நாங்கள். புரூஸ் லீ செய்தது சீன வகை, நாங்கள் கற்பது ஜப்பானிய வகை என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? முதல் நாளே பறந்து உதைக்கலாம் என்று போனோம். மாஸ்டர் கையில் வாரியலைக் கொடுத்தார்.

வகுப்புக்கு யார் முதலில் வருகிறாரோ அவர் களத்தைக் கூட்ட வேண்டும். ஒரு நெல்மணி கிடந்தாலும் கால் வழுக்கும். பல நாள் மாஸ்டரே முதலில் வந்து கூட்டிக்கொண்டிருப்பார். இதில் என்ன இருக்கிறது என்று நகரத்தில் வளர்ந்தவர்கள் நினைக்கலாம். யார் கூட்டுவது, யார் கூட்டிய இடத்தில் நடப்பது என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிற ஊரில், வாரியல் கைமாறுவது சின்ன விஷயம் அல்ல.

இரண்டாவது, தண்ணீர். ஒரு குடம், ஒரு செம்பு. எல்லாரும் அதிலேயே குடிக்க வேண்டும். ஒரு பையனின் அப்பா வந்து, “எம்பயலுக்குத் தண்ணி வீட்லேர்ந்தே குடுத்து விடுதேன் மாஸ்டர்” என்றார். மாஸ்டர் சிரித்துக்கொண்டே, “நல்லதா போச்சு அண்ணாச்சி. முப்பது பேர் இருக்கான். எல்லாத்துக்கும் சேத்தே குடுத்து விடுங்க” என்றார். அந்தப் பையன் ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தான். செம்பிலேயே குடித்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு பழைய பிஸ்கட் டப்பா. களத்துக்குள் வருமுன் கையில், கழுத்தில், விரலில் இருக்கிற எல்லாவற்றையும் கழற்றி அதில் போட வேண்டும். மோதிரம், செயின், கயிறு எதுவும் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். இது கராத்தேயில் எங்கும் உள்ள விதி. எதிரே நிற்பவனின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் கயிறு சும்மா கயிறு அல்ல. அதன் நிறம் தெருவைச் சொல்லும். பெரிய பையன் ஒருவன், “இது கோயில் கயிறு மாஸ்டர், அவுக்கக் கூடாது” என்றான். மாஸ்டர் வாதம் செய்யவில்லை. “ஒன்றரை மணி நேரந்தானல. சாமி கோவிச்சிக்கிடாது. பக்கத்துல நிக்கவன் கண்ணு போச்சுன்னா அவங்கம்மா கோவிப்பா” என்றார். கயிறு டப்பாவுக்குள் போனது.

சாதியைப் பற்றி மாஸ்டர் ஒரு நாள்கூடப் பிரசங்கம் செய்ததில்லை. அவர் எந்தத் தெருக்காரர் என்பதை நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

வரிசையில் நிற்பது பெல்ட் பிரகாரம். உயரம், வயசு, அப்பாவின் நிலம் எதுவும் கணக்கில்லை. பச்சை பெல்ட் முன்னால், மஞ்சள் பெல்ட் அதன் பின்னால், வெள்ளை கடைசியில். ஊரில் செல்வாக்கான வீட்டுப் பையன் வெள்ளை பெல்ட்டோடு கடைசியில் நின்றான். செங்கல் சூளையில் வேலை பார்த்தவரின் மகன் பச்சை பெல்ட்டோடு முன்னால் நின்று ‘இச், நி, சான், சி, கோ’ என்று எண்ண, நாங்கள் அத்தனை பேரும் அந்த எண்ணுக்குக் குத்து விட்டோம். ஜோடி மாறும்போது எதிரே யார் வந்தாலும் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். அவன் கையைப் பிடிக்க வேண்டும். அவன் குத்தை நம்பி நம் முகத்தைக் கொடுக்க வேண்டும். தொடாமல் கராத்தே கற்க முடியாது, நண்பர்களே. அதுதான் விஷயம்.

இந்த ஏற்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் படித்துப் பார்த்தேன். பெல்ட் முறையின் வேர் ஜூடோவில் இருக்கிறது. 1882-ல் கானோ ஜிகோரோ என்பவர் டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த சின்ன இடத்தில் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். அவர் சாமுராய் குடும்பம் அல்ல. சாகே என்னும் அரிசி மது தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அதற்கு ஆறு வருடம் முன்னால்தான், 1876-ல், சாமுராய்கள் வெளியில் வாள் தரிக்கும் உரிமையை ஜப்பான் அரசு ரத்து செய்திருந்தது. பிறப்பால் வந்த மரியாதை போன காலம். அந்த நேரத்தில் கானோ, பயிற்சியால் வருகிற மரியாதைக்குப் படிநிலை வகுத்தார். ‘டான்’ என்கிறோமே, அது அவர் கொண்டுவந்தது. கறுப்பு பெல்ட்டும் அவர் பள்ளியில் வந்ததுதான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே மஞ்சள், பச்சை, நீலம் என்று வண்ண பெல்ட்டுகளை 1930-களில் பாரிஸில் பரப்பியவர் கவைஷி மிகினோசுகே என்ற ஜூடோ ஆசிரியர்.

கராத்தே ஒகினாவா தீவின் கலை. அதை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஃபுனாகோஷி கிச்சின். பள்ளி ஆசிரியர். 1868-ல் பிறந்தவர். 1922-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, டோக்கியோ போனார். கானோ அவரைத் தம் கோடோகானுக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். அந்தக் காலத்தில் ஒகினாவாக்காரர்களைப் பெருநிலத்து ஆட்கள் மட்டமாகப் பார்ப்பார்கள். கையில் காசு இல்லாமல், ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் காவலாளியாக இருந்து, பகலில் அந்த விடுதியைக் கூட்டிப் பெருக்கி, மற்ற நேரத்தில் கராத்தே சொல்லிக்கொடுத்தார். 1924-ல் கராத்தேயின் முதல் கறுப்பு பெல்ட்டுகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். அவர் விடுதி கூட்டிய கதையைப் படித்த அன்று எனக்கு எங்கள் களத்து வாரியல் ஞாபகம் வந்தது.

நம் நாட்டுக்கும் இந்தக் கலைகள் சினிமா வழியாக மட்டும் வரவில்லை. ரவீந்திரநாத் தாகூர் 1929-ல் தகாகாகி ஷின்சோ என்ற ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து மாணவ மாணவியருக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார்.

“நமக்குன்னு சிலம்பம் இருக்கும்போது ஜப்பான்காரன் வித்தை எதுக்கு?” என்று என் சித்தப்பா கேட்பார். நியாயமான கேள்வி. சிலம்பம் எந்த வகையிலும் குறைந்தது அல்ல. ஆனால் நான் பார்த்த வரையில் எங்கள் பக்கம் சிலம்பம் தெருவுக்குத் தெரு இருந்தது. இந்தத் தெரு ஆசான் அந்தத் தெருப் பையனுக்குச் சொல்லித் தர மாட்டார். கோயில் கொடையில் யார் முதலில் கம்பு சுற்றுவது என்பதிலேயே தகராறு வரும். கராத்தே எங்கள் ஊரில் யாருக்கும் பாட்டன் சொத்து இல்லை. யாருடைய தாத்தாவும் கறுப்பு பெல்ட் இல்லை. எல்லாரும் வெள்ளையில்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த அந்நியத்தன்மையே எங்களுக்கு உதவியாகிப் போனது.

இவ்வளவு நல்லதாகச் சொல்லிவிட்டு, என் கதையைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு தரப்புக்கும் தகராறு. ஏதோ ஒரு போஸ்டரில் ஆரம்பித்தது. கல்லெறி, அரிவாள் வரைக்கும் போனது. என் மாமா ஒருவருக்குத் தலையில் ஏழு தையல். பத்து நாள் போலீஸ் நின்றது. வகுப்பும் நின்றது. மறுபடி ஆரம்பித்த அன்று, முப்பது பேர் வருகிற இடத்தில் ஒன்பது பேர் வந்தோம். மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. களம் கூட்டினோம். டப்பாவில் கயிற்றைப் போட்டோம். பிறகு ஜோடி சேர்த்தார். எனக்கு எதிரே நின்றவன் என் வகுப்புத் தோழன், அடுத்த தெருக்காரன். அடுத்த தெரு என்றால் புரிந்துகொள்வீர்கள்.

கோஹோன் குமித்தே என்று ஒரு பயிற்சி. ஒருவன் ஐந்து அடி முன்னேறி ஐந்து குத்து விடுவான். எங்கே குத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முகத்துக்கு என்றால் ‘ஜோடான்’. எதிராளி ஐந்தையும் தடுத்துப் பின்வாங்குவான். அவன் தடுக்கத் தவறினால் நம் கை அவன் முகத்துக்கு ஒரு விரல் கடை முன்னால் நின்றுவிட வேண்டும். வேகமாகக் குத்துவது பெரிதில்லை. குத்தி நிறுத்துவதுதான் வித்தை.

நான் ‘ஜோடான்’ என்றேன். நாலு குத்தைத் தடுத்தான். ஐந்தாவதில் அவன் கால் லேசாக வழுக்கியது. கை உயரவில்லை. நான் அதைப் பார்த்தேன். நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்தவில்லை.

அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. எல்லாரும் அவன் கால் வழுக்கியதால் பட்டுவிட்டது என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். மாஸ்டருக்கும் தெரிந்திருந்தது.

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். நேராக நின்று குனிந்து வணக்கம் சொன்னான். “ஓஸ்” என்றான். இப்போது அவன் முறை. ‘ஜோடான்’ என்றான். என் கை நடுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தடுத்தேன். ஐந்தாவதற்கு என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அடிக்கட்டும் என்று நின்றேன். அவன் முஷ்டி என் மூக்குக்கு ஒரு விரல் கடை முன்னால் வந்து நின்றது. அந்த முஷ்டியில் அவன் துடைத்த ரத்தம் இருந்தது. அதை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். “ஏலே, பெல்ட்ட அவுரு. அந்த டப்பாவுல போடு” என்றார். பச்சை பெல்ட். மூன்று வருட உழைப்பு. அவிழ்த்தேன். “கயிறு உன் கைல இல்லன்னாலும் நெஞ்சுல கெடக்கு. பெல்ட்டும் கயிறாயிட்டுன்னா அது இருக்க வேண்டிய இடம் டப்பாதான். நாளைலேர்ந்து கடைசில நில்லு.” எப்போது திரும்பத் தருவீர்கள் என்று கேட்டேன். “அவன் சொல்லும்போது” என்றார்.

அவன் உடனே சொல்லிவிடவில்லை. சினிமாவில் என்றால் மறுநாளே கட்டிப் பிடித்துப் பாட்டு வந்திருக்கும். நாலு மாதம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நாலு மாதம் நான் வெள்ளை பெல்ட்டோடு, சின்னப் பையன்களுக்குப் பின்னால் நின்றேன். வீட்டில், “அவனுக்காக நீ ஏன்டா கடைசில நிக்கணும், விட்டுட்டு வா” என்றார்கள். அம்மா மட்டும் 30 ரூபாயை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு நாள் மாஸ்டர் டப்பாவைத் திறந்து பெல்ட்டை என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான். அவன் என்ன சொன்னான், எப்போது சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

நண்பர்களே, இதை ஏன் இன்று சொல்கிறேன்? 2019 ஜூலையில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டி வருகிற பள்ளிகளைக் கண்டுபிடித்து அதைத் தடுக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு வந்தது, பேச்சு அப்படியே நின்றது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்கள் தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்றவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, நெல் களத்து பிஸ்கட் டப்பாதான் என் கண் முன்னால் வந்தது.

தடை வேண்டும். நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் மட்டும் போதாது என்பது என் அனுபவம். பதினைந்து வயசுப் பையனுக்கு ஒரு கூட்டம் தேவை. ஒரு அடையாளம் தேவை. ‘நான் இன்னார்’ என்று சொல்லிக்கொள்ள உடம்பில் ஏதாவது ஒரு நிறம் தேவை. கயிறு அதை இலவசமாகக் கொடுக்கிறது. பிறந்தால் போதும். பெல்ட்டும் நிறம்தான், கூட்டம்தான். ஆனால் உழைத்து வாங்க வேண்டும். தப்பு செய்தால் போய்விடும். கயிற்றை எடுத்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது கொடுக்க வேண்டும். அது கராத்தேயாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கபடியாக இருக்கலாம், பேண்டு வாத்தியமாக இருக்கலாம். ஒருவரை ஒருவர் தொட்டு, ஒரே செம்பில் தண்ணீர் குடித்து, மாறி மாறி இடத்தைக் கூட்டுகிற ஏதாவது ஒன்று.

கராத்தே உலகம் சொர்க்கம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிரிவு அங்கேயும் உண்டு. ஷோட்டோகான், கோஜு ரியூ, ஷிட்டோ ரியூ, வாடோ ரியூ என்று பாணிகள் பல. ஒவ்வொன்றிலும் சங்கங்கள். சங்கத்துக்குள் சங்கங்கள். “அவங்க போட்டிக்கு நம்ம பிள்ளைங்க போகக் கூடாது” என்பார்கள். “நம்ம ஆளு” என்ற சொல் தெருவிலிருந்து டோஜோவுக்குள்ளும் நடந்து வந்துவிடும். பெல்ட் டெஸ்ட்டுக்கு ஒரு கட்டணம், சான்றிதழுக்கு ஒரு கட்டணம் என்று காசு கொடுத்து நிறம் வாங்குகிற இடங்களும் உண்டு. காசுக்கு வாங்கிய பெல்ட்டும் ஒருவகைக் கயிறுதான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முதலாக இடம் பெற்றது. 2024 பாரிஸில் இல்லை. அதற்காக எங்களைப் போன்ற கிராமத்து வகுப்புகள் அழவில்லை. எங்களுக்கு அது பதக்கம் சம்பந்தப்பட்டதாக என்றுமே இருந்ததில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் மூன்றே மூன்று பெண் பிள்ளைகள். வயசுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி எங்கள் எல்லாரையும் விடச் சிறப்பாகக் கட்டா செய்வாள். அவளைத் திரும்ப அழைத்து வர நாங்கள் யாரும் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசவில்லை. இன்று அரசுப் பள்ளிகளிலேயே மாணவியருக்குத் தற்காப்புப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். மனசுக்கு ஆறுதல்.

வகுப்பு முடிந்ததும் என்ன நடக்கும் என்றும் கேட்பீர்கள். டப்பாவைத் திறந்து அவரவர் கயிற்றை அவரவர் எடுத்துக் கட்டிக்கொண்டு போவோம். ஆமாம், கட்டிக்கொண்டுதான் போவோம். பல வருடம் கழித்து மாஸ்டரிடம் கேட்டேன், “அதுல என்ன பிரயோஜனம் மாஸ்டர்?” என்று. அவர் ஒரு மோட்டாருக்குக் காயில் இறக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கயிறு இல்லாம இருந்து பாத்தீங்கள்லா. கை ஒண்ணும் அழுகிப் போவலியே. அது தெரிஞ்சா போதும்.” எங்களில் பலர் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கயிறு கட்டுவதை விட்டுவிட்டோம். சிலர் விடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

2006-ல் நான் நம் கல்லூரியில் மின்னியல் படிக்கச் சேர்ந்ததற்கும் அந்தக் காயில் கடைதான் காரணம். விடுதியில் முதல் வாரமே சீனியர் ஒருவர் தோளில் கை போட்டு, “தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார். நம் எல்லாரையும் யாராவது ஒருவர் அப்படிக் கேட்டிருப்பார்கள். நம்மில் சிலர் கேட்டும் இருப்போம். இன்றும் நம் பேட்ச் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியாத வேறு சின்னக் குழுக்களும் இருக்கின்றன. படித்தவன் கயிற்றைக் கையில் கட்டுவதில்லை, போனில் வைத்திருக்கிறான். கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படி ஒரு குழுவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவன்தான்.

மாஸ்டர் 2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் காலமானார். கட்டுப்பாடு இருந்ததால் நாங்கள் யாரும் பக்கத்தில் போக முடியவில்லை. ரைஸ் மில் களமும் அதற்கு முன்பே பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. வகுப்பு நிற்கவில்லை. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில் நடக்கிறது. முகூர்த்த நாளில் விடுமுறை. நடத்துகிறவன் யார் தெரியுமா? அன்று நான் உதட்டைக் கிழித்தேனே, அவன்தான். மூன்றாவது டான். நான் முதல் டானிலேயே நின்றுவிட்டேன். ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் நிற்பேன். கம்பெனியில் என்னை ‘சார்’ என்பார்கள். அங்கே அவனுக்கு முன்னால் குனிந்து “ஓஸ்” சொல்லிவிட்டு, அவன் எண்ணும் எண்ணுக்குக் குத்து விடுவேன். முதலில் போனால் வாரியலை எடுப்பேன்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, வகுப்பு முடிந்து இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். இருபது வருடமாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். “அன்னைக்கு உன் கால் வழுக்கினது எனக்குத் தெரிஞ்சிச்சுடே. நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தல.” அவன் பையன்களின் செருப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டே, “தெரியும்லே” என்றான். பிறகு, “அதான் நாலு மாசம் ஆச்சு” என்றான். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. டீ குடிக்கப் போனோம்.

அந்த பிஸ்கட் டப்பா இப்போது அவனிடம் இருக்கிறது. துருப்பிடித்து மூடி சரியாக மூடுவதில்லை. இன்றும் அதில் கயிறுகள் விழுகின்றன. எங்கள் காலத்தை விடக் குறைவா, கூடுதலா என்று கேட்டேன். “எண்ண மாட்டேன். எண்ண ஆரம்பிச்சா நானும் நெறம் பாக்க ஆரம்பிச்சிருவேன்” என்றான்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் பலர் சொந்தமாகத் தொழில் நடத்துகிறீர்கள். ஷெட் இருக்கிறது, குடோன் இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது. சிலர் பள்ளிக்கூட நிர்வாகத்திலேயே இருக்கிறீர்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் அந்த இடம் சும்மாதான் கிடக்கிறது. உங்கள் ஊரில் சிலம்பமோ, கபடியோ, கராத்தேயோ சொல்லிக்கொடுக்க ஒருவர் இடம் இல்லாமல் அலைந்துகொண்டிருப்பார். அவரைக் கூப்பிட்டு இடத்தைக் கொடுங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வர வேண்டும், பெண் பிள்ளைகளும் வர வேண்டும் என்று இரண்டே நிபந்தனை போடுங்கள். ஒரு குடம், ஒரு செம்பு, ஒரு வாரியல் வாங்கிக் கொடுங்கள். டப்பா உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

அருவி காத்துக்கொண்டிருக்கிறது. அங்கே குளிக்கப் போகும்போதும் எப்படியும் மோதிரம், செயின், கயிறு எல்லாவற்றையும் கழற்றித்தான் யாரிடமாவது கொடுப்பீர்கள். திரும்பி வந்து வாங்கும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.